விளிம்பு உரசும் இரண்டு தட்டுகள்: கோண உந்தம் எங்கே போகிறது?

முதல்பெஞ்ச் (கேள்வி)

சுழற்சி இயக்கப் பாடத்தில் ஒரு கணக்கு, மாதிரித் தேர்வுத் தாளில் வந்தது.

பெரிய வட்டத்தட்டின் நிறை 2 கிகி, ஆரம் 0.2 மீ. விநாடிக்கு 30 ரேடியன் வேகத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. சின்ன வட்டத்தட்டின் நிறை 1 கிகி, ஆரம் 0.1 மீ. அது சுற்றாமல் நிற்கிறது. இரண்டுக்கும் தனித்தனி அச்சுத்தண்டு, தண்டுகள் ஒன்றுக்கொன்று இணை. சின்னதை நகர்த்தி, விளிம்போடு விளிம்பு தொடும்படி அழுத்துகிறார்கள். முதலில் வழுக்கும், பிறகு வழுக்கல் நின்று இரண்டும் சீராகச் சுற்றும். பேரிங்கில் உராய்வு கிடையாது. பெரிய தட்டின் இறுதிக் கோண வேகம் என்ன?

விடைகள்: (1) 20 (2) 24 (3) 24.5 (4) 40, எல்லாம் ரேடியன்/விநாடி.

நான் போட்டது: நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) பெரியதுக்கு ½ × 2 × 0.2² = 0.04 கிகி மீ², சின்னதுக்கு ½ × 1 × 0.1² = 0.005 கிகி மீ². தொடக்கக் கோண உந்தம் 0.04 × 30 = 1.2. வழுக்கல் நின்றதும் விளிம்பு வேகம் சமம் என்பதால் சின்னதின் கோண வேகம் பெரியதைப்போல் இரண்டு மடங்கு, திசை மட்டும் எதிர். எதிர்த்திசைக்குக் குறை போட்டால் 1.2 = 0.04 × வேகம் − 0.005 × 2 × வேகம். விடை 40 வருகிறது. குறை போடாமல் கூட்டினால் 24. விடைக்குறிப்பில் இருப்பதோ 20. வெளியிலிருந்து யாரும் தட்டுகளைத் திருப்பவில்லையே, கோண உந்தம் அப்படியே இருக்க வேண்டாமா?

கணக்குப்புலி

40 வர வாய்ப்பே இல்லை. சும்மா நின்ற தட்டைத் தொட்டதால் சுற்றுகிற தட்டு 30-லிருந்து 40-க்கு வேகம் எடுக்குமா? ஆற்றலைப் பாருங்கள்: தொடக்கத்தில் 18 ஜூல், உங்கள் விடையில் 48 ஜூல். ஆனால் 24 சரியாகத்தான் தெரிகிறது. அதில் ஆற்றல் 17.28 ஜூல், 18-ஐ விடக் குறைவு, உராய்வில் கொஞ்சம் போனது என்று கணக்கும் ஒத்துவருகிறது. கோண உந்தத்தின் அளவை மட்டும் கூட்டினால் போதும். விடைக்குறிப்பில் அச்சுப்பிழை இருக்கும்.

அச்சாணி

விடைக்குறிப்பு சரி. 20 தான்.

முதலில் 24 ஏன் ஆகாது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது ஆற்றல் சோதனையில் தப்பித்துவிடுகிறது. தொடும் இடத்தில் பெரியதைத் தடுக்கும் உராய்வும் சின்னதைத் தள்ளும் உராய்வும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எந்தக் கணத்திலும் சம அளவு. ஆகவே மொத்தக் கணத்தாக்கும் (விசை × நேரம்) இரண்டுக்கும் சமமாக இருந்தாக வேண்டும். 24 என்று வைத்துக்கொண்டு பெரியதைப் பாருங்கள்: கோண உந்தம் குறைந்தது 0.04 × 6 = 0.24, ஆரம் 0.2, எனவே கணத்தாக்கு 1.2 நியூட்டன் விநாடி. சின்னது 48-க்குப் போயிருக்கும்: 0.005 × 48 = 0.24, ஆரம் 0.1, கணத்தாக்கு 2.4 நியூட்டன் விநாடி. ஒரே தொடுபுள்ளியில் ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் 2.4. மூன்றாம் விதி அங்கேயே உடைந்துவிட்டது. கோண உந்தம் திசை உள்ள அளவு. எதிரெதிராகச் சுற்றுபவற்றின் அளவுகளை மட்டும் எடுத்துக் கூட்டுவதற்கு எந்த விதியும் இடம் தருவதில்லை.

இப்போது நேர்வழி. உராய்வின் மொத்தக் கணத்தாக்கைக் 'க' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியது: இறுதி வேகம் = 30 − க × 0.2 ÷ 0.04 = 30 − 5க
சின்னது: இறுதி வேகம் = க × 0.1 ÷ 0.005 = 20க
வழுக்கல் நின்ற நிலை: 0.2 × (30 − 5க) = 0.1 × 20க

6 − க = 2க, ஆக க = 2 நியூட்டன் விநாடி. பெரியது 20, சின்னது எதிர்த்திசையில் 40. விளிம்பு வேகம் இரண்டுக்கும் 4 மீ/வி. உராய்வு எவ்வளவு, எத்தனை நேரம் வழுக்கியது என்பதெல்லாம் விடைக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 4 நியூட்டன் உராய்வு என்றால் அரை விநாடி வழுக்கும், 1 நியூட்டன் என்றால் 2 விநாடி. கணத்தாக்கு ஒன்றுதான்.

கோண உந்தத்தைக் கூட்டிப் பாருங்கள்: பெரியது +0.8, சின்னது −0.2, மொத்தம் 0.6. தொடக்கத்தில் 1.2. பாதி காணாமல் போயிருக்கிறது. எடுத்துக்கொண்டது அச்சுத்தண்டுகள். பெரியது இடப்பக்கம், சின்னது வலப்பக்கம் என்று மேலிருந்து பார்ப்பதாக ஒரு படம் போடுங்கள். தொடும் இடத்தில் பெரியதின் விளிம்பு தாளில் மேல்நோக்கி ஓடுகிறது, எனவே அதன்மேல் உராய்வு கீழ்நோக்கி. அந்த விசை பெரிய தட்டின் நிறை மையத்தையே கீழே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் தண்டு அதே அளவு விசையால் மேலே பிடித்திருக்கிறது. சின்னதில் நேர்மாறு: உராய்வு மேலே, தண்டின் பிடி கீழே. ஆக இரண்டு தண்டுகளும் சேர்ந்து தட்டுகளின்மேல் சமமான, எதிரெதிரான, ஒரே கோட்டில் இல்லாத இரண்டு விசைகளைக் கொடுக்கின்றன. புத்தகத்தில் 'இரட்டை' என்று படித்தது இதுதான். இடையே உள்ள தூரம் 0.2 + 0.1 = 0.3 மீ. கோணக் கணத்தாக்கு 2 × 0.3 = 0.6. காணாமல் போனதும் சரியாக 0.6.

'வெளியிலிருந்து யாரும் திருப்பவில்லை' என்ற இடத்தில்தான் கணக்கு வழுக்குகிறது. யாரும் கைவைக்கவில்லை, தண்டு வைத்தது. பேரிங்கில் உராய்வு இல்லை என்றால் தண்டு தன் அச்சைச் சுற்றித் திருப்பாது என்று மட்டுமே பொருள். பக்கவாட்டில் தள்ளாது என்று பொருள் இல்லை.

ஆற்றல்: 8 + 4 = 12 ஜூல். இழப்பு 6 ஜூல். இதையும் சரிபார்க்கலாம்: வழுக்கும் வேகம் 6 மீ/வி-யில் தொடங்கிச் சுழியில் முடிகிறது, சராசரி 3, கணத்தாக்கு 2, பெருக்கினால் 6. விளிம்பில் சூடானது அவ்வளவுதான்.

கணக்குப்புலி

மூன்றாம் விதிச் சோதனை சரிதான், 24 அதில் விழுந்துவிட்டது. அப்படியானால் 24.5 எங்கிருந்து வந்தது?

அச்சாணி

ஆற்றல் மாறாது என்று போட்டவர்களுக்காக வைத்தது. 18 = ½ × 0.04 × வேகம்² + ½ × 0.005 × 4 × வேகம்², அதாவது 18 = 0.03 × வேகம்², வேகம் 24.49. கேள்வி போட்டவர் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு விடை ஒதுக்கியிருக்கிறார், கில்லாடி.

முதல்பெஞ்ச்

புரிகிறது சார். இன்னும் ஒரு சந்தேகம். கதவில் குண்டு பாயும் கணக்கில் கீலும் கதவைப் பிடித்து விசை கொடுக்கிறதே, அங்கே மட்டும் கோண உந்தம் மாறாது என்று போடச் சொல்கிறார்களே? சுற்றும் தட்டின்மேல் இன்னொரு தட்டைப் போடும் கணக்கிலும் அப்படித்தான் போட்டோம்.

அச்சாணி

நல்ல கேள்வி. எந்தப் புள்ளியைப் பற்றிக் கோண உந்தம் எடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

கதவில் கீல் ஒரே கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டையே அச்சாக எடுத்தால் கீலின் விசைக்கு நெம்பு தூரம் சுழி. அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கணக்கில் வராது. அதே கணக்கில் நேர்கோட்டு உந்தம் மாறாது என்று போட்டால் தப்பாகிவிடும், காரணம் அதே கீல்தான்.

தட்டின்மேல் தட்டும் அப்படியே. ஒரே தண்டு, இரண்டு தட்டும் அதே அச்சில். உங்கள் சின்னத் தட்டைப் பெரியதின்மேல் மையம் பொருந்தப் போட்டால் 1.2 = 0.045 × வேகம், 26.67 ரேடியன்/வி. கோண உந்தம் மாறவில்லை. ஆற்றல் 18-லிருந்து 16 ஆகிறது, 2 ஜூல் உராய்வில் போகிறது. இங்கே இரண்டும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு தண்டு வந்ததும் இந்த வசதி போய்விடுகிறது. பெரியதின் தண்டைப் புள்ளியாக எடுத்தால் சின்னதின் தண்டு கொடுக்கும் விசை 0.3 மீ தள்ளி நிற்கிறது. சின்னதின் தண்டுக்குப் போனால் பெரியதின் தண்டு அதே 0.3 மீ தள்ளி. நடுவில் தொடுபுள்ளியை எடுத்தால் 0.2-உம் 0.1-உம் சேர்ந்து மறுபடியும் 0.3. இரட்டையின் திருப்புத்திறன் எந்தப் புள்ளிக்கும் ஒன்றே, ஆகவே இடம் மாற்றித் தப்பிக்க முடியாது.

பரீட்சைக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 'கோண உந்தம் மாறாது' என்று எழுதுவதற்கு முன் தட்டுகளைத் தொடும் எல்லா விசைகளையும் படத்தில் போடுங்கள், தண்டு, கீல், தரை உட்பட. ஒரே புள்ளியை வைத்து எல்லாவற்றையும் ஒழிக்க முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனிச் சமன்பாடு, நடுவில் பொதுவாக ஒரு கணத்தாக்கு.

கியர்ப்பெட்டி

மோட்டார் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதே கணக்கை ஒரே வரியில் போடுவார்கள். கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிச் சின்னதின் நிலைமத் திருப்புத்திறனைப் பெரியதின் தண்டுக்கு மாற்றிக்கொள்வது.

விகிதம் 0.2 ÷ 0.1 = 2, வர்க்கம் 4. 0.005 × 4 = 0.02. பெரியதின் தண்டில் உணரப்படும் மொத்தம் 0.04 + 0.02 = 0.06. இறுதி வேகம் = 30 × 0.04 ÷ 0.06 = 20.

பார்க்கக் கோண உந்தக் காப்பு மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லை. 0.02 என்பது சின்னதின் உண்மையான நிலைமத் திருப்புத்திறன் அல்ல. ஒரு மடங்கு 2 வருவது சின்னது இரட்டை வேகத்தில் சுற்றுவதால், இன்னொரு 2 வருவது அதே உராய்வு பெரியதின் பக்கம் இரட்டை ஆரத்தில் பிடிப்பதால். மோட்டாருக்கும் சுமைக்கும் நடுவில் வேகத்தைக் குறைக்கும் கியர் இருந்தால் இதே வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 10-க்கு 1 பெட்டி போட்டால் சுமையின் திருப்புத்திறன் மோட்டாருக்கு நூற்றில் ஒரு பங்காகத் தெரியும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பதும், வர்க்கத்தை மறந்து வெறும் விகிதத்தை வைப்பதும்தான் அடிக்கடி நடக்கிற தப்பு. பெருக்க வேண்டிய இடத்தில் இரண்டுமே மோட்டாரைச் சின்னதாக வாங்க வைக்கும்; வகுக்க வேண்டிய இடத்தில் வர்க்கத்தை மறந்தால் தேவைக்கு மேல் பெரியதாக வாங்க வைக்கும்.

விளிம்புக்குப் பதில் பல் இருந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். பல் வழுக்காது, ஆனால் தேவையான கணத்தாக்கு அதே 2 நியூட்டன் விநாடி. அரை விநாடியில் 4 நியூட்டனாகக் கொடுத்ததை ஒரு மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும் என்றால் சராசரி 2000 நியூட்டன். சுற்றுகிற கியரில் நிற்கிற கியரைக் கோத்தால் பல் தெறிப்பதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒரே அச்சில் இருப்பதும், கியர் கோப்பதற்கு முன்பே உராய்வால் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் இருப்பதும் இதைத் தவிர்க்கத்தான்.

ஆய்வகமேசை

இதைச் செய்து காட்டவும் முடியும். கணக்கில் உள்ள எண்கள் உண்மையான தகட்டுக்குப் பொருந்துகின்றன: 40 செ.மீ. விட்டத்தில் 2 மி.மீ. இரும்புத் தகடு வெட்டினால் ஏறக்குறைய 2 கிகி, 20 செ.மீ. விட்டத்தில் 4 மி.மீ. தகடு ஏறக்குறைய 1 கிகி. லேசர் கட்டிங் செய்யும் பட்டறையில் நடுத்துளையோடு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். ஓரத்தை அரம் போட்டு மழுக்காமல் சுற்ற விடாதீர்கள், விரலை அறுத்துவிடும்.

பேரிங்குக்கு 608 எண் போதும் (உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ.). ரப்பர் மூடி உள்ளதை விட இரும்பு மூடி உள்ளது லேசாகச் சுற்றும். உள்ளே கெட்டி கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பேரிங்கைப் பிடிக்கும் குடம் 100 கிராம், ஆரம் 2 செ.மீ. என்றால் அதன் திருப்புத்திறன் 0.00002, கண்டுகொள்ளவே வேண்டாம். விளிம்பில் ஒட்டுவது அப்படி இல்லை. பிடிப்புக்காகப் பெரியதின் விளிம்பில் 50 கிராம் ரப்பர் ஒட்டினால் 0.05 × 0.2² = 0.002, நேராக 5 சதவீதம் ஏறிவிடும். சைக்கிள் ட்யூப் பட்டையைச் சின்னதில் மட்டும் ஒட்டுங்கள். 25 கிராம், 2 மி.மீ. தடிமன் என்றால் திருப்புத்திறனும் கூடும், ஆரமும் 0.102 ஆகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பெரியது 19.9, சின்னது 39 என்று வரும்.

தண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டுகளைக் கிடைமட்டமாக வையுங்கள். தண்டு படுக்கையாக இருந்தால் தட்டில் கொஞ்சம் எடை ஏறத்தாழ இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று வேகம் கூடிக் குறையும். 2 மி.மீ. தகடு சற்று அலையும். சின்னது 4 மி.மீ. தடிமன் என்பதால் அந்த அலைச்சலில் தொடுகை விட்டுப்போகாது, உயரத்தை மட்டும் நடுவில் பொருத்திவிடுங்கள்.

சின்னதின் பேரிங்கை ஆடும் கை ஒன்றில் பொருத்தி, சுருள்வில்லால் பெரியதோடு அழுத்துவது வசதி. அந்தக் கை மையங்களை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். அப்போது உராய்வு கையின் நீளவாக்கில் போய்விடும், அழுத்தம் மாறாது. கை சாய்ந்திருந்தால் ஒரு சுழற்சித் திசையில் சின்னது உள்ளே இழுத்துக் கவ்வும், மறுதிசையில் எகிறி விலகித் துள்ளும். 'ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது' என்பதற்குப் பெரும்பாலும் இந்தத் துள்ளல்தான் காரணம்.

வேகம் அளக்கக் கைப்பேசியின் மெதுவோட்ட வீடியோ போதும். தட்டில் ஆரத்தின் வழியே வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, மேலிருந்து விநாடிக்கு 240 சட்டத்தில் (ஃபிரேம்) எடுங்கள். 30 ரேடியன்/வி என்றால் ஒரு சுற்றுக்கு 50 சட்டம், 20 என்றால் 75, சின்னதின் 40-க்கு 38. வெயில் வெளிச்சத்தில் எடுங்கள், குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் மினுக்கும். சரியாக 30-க்குச் சுற்றிவிட வேண்டிய தேவையும் இல்லை. பார்க்க வேண்டியது விகிதம்: தொட்டபின் வேகம் தொடும்முன் வேகத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 0.67. '24' கட்சி சொல்வது 0.8. இவ்வளவு இடைவெளி இருப்பதால் 5 சதவீதப் பிழை வந்தாலும் தீர்ப்பு மாறாது.

பெரியதை முதலில் தனியாகச் சுற்றவிட்டு விநாடிக்கு எவ்வளவு வேகம் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருந்து வழுக்கல் நான்கைந்து விநாடி நீண்டால் பேரிங் தின்பதும் சேர்ந்து எண் 0.67-க்குக் கீழே போகும்.

தண்டுகளின் இரட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் முழு அடிப்பலகையையும் சுழலும் மேடையில் ஏற்றுங்கள். பெரியதைச் சுற்றிவிடும்போது பலகையைக் கையால் பிடித்திருந்து, பிறகு கையை எடுத்துவிட்டுத் தொடவிடுங்கள். பலகை பெரியதின் பழைய திசையிலேயே, இடஞ்சுழியாக, திரும்பத் தொடங்கும். பலகையும் மேடையும் சேர்ந்த திருப்புத்திறன் 1 கிகி மீ² என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 0.58 ரேடியன், சுமார் 33 பாகை. 0.6 வராததற்குக் காரணம், பலகையே திரும்புவதால் வழுக்கல் நிற்கும் நிலை சற்று மாறிக் கணத்தாக்கு 1.94 ஆகிவிடுவது. பலகையையும் சேர்த்துக் கூட்டினால் 1.2 அப்படியே இருக்கும்.

முதல்பெஞ்ச்

மிக்க நன்றி. சரியாகப் புரிந்ததா என்று பார்க்க நானே ஒன்று மாற்றிப் போட்டேன். சின்னதும் தொடக்கத்தில் இடஞ்சுழியாக 20 ரேடியன்/வி சுற்றுகிறது என்று வைத்தேன். பெரியது 30 − 5க, சின்னது 20 − 20க. வழுக்கல் நிற்க 0.2 × (30 − 5க) = −0.1 × (20 − 20க). 6 − க = −2 + 2க, க = 8/3. பெரியது 16.67, சின்னது −33.33. சரியா?

அச்சாணி

சரி. ஆற்றலையும் பார்த்துவிடுங்கள்: தொடக்கம் 18 + 1 = 19 ஜூல், முடிவு 5.56 + 2.78 = 8.33 ஜூல், இழப்பு 10.67. இங்கே விளிம்புகள் தொடும் இடத்தில் எதிரெதிராக ஓடுகின்றன, வழுக்கும் வேகம் 6 + 2 = 8, சராசரி 4, அதை 8/3-ஆல் பெருக்கினால் 10.67. பொருந்துகிறது.

சின்னது வலஞ்சுழியாக 60-இல் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். க சுழி வரும், ஏனென்றால் இரண்டு விளிம்பும் முன்பே ஒரே திசையில் 6 மீ/வி. தொட்டாலும் எதுவும் மாறாது.